பிரபு தன் அம்மாவிடம் சொன்னது

மார்ச் 9, ஞாயிறு.

தூக்கம் வரவில்லை. இன்று மாலை ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி அரங்கில் எங்கள் மெட்டல் இசைக்குழு வாசித்தது. பாடகன் பிரபுவின் அம்மா முதல் தடவையாகக் கேட்க வந்திருந்தார். விபத்தில் இறந்துபோன தன் அண்ணனைப் பற்றி அவன் எழுதிய பாட்டும் பட்டியலில் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"மாப்ள, அந்தப் பாட்ட இன்னைக்கு விட்ருவோம்" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியாம எம்புட்டு நாளைக்குடா பாடுறது?" என்றான்.

பாடினான். அவன் உறுமலுக்கு என் டிரம்ஸே அடங்கிப்போனது. முடிந்ததும் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"அம்புட்டுக் கத்துனியே, என்னப்பா சொன்ன? ஒண்ணும் வெளங்கல."

ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணன் செத்தப்ப அழுதேன்லம்மா. அப்பவே, இனிமே யாரும் என்னைய அவன்கூட ஒப்பிட மாட்டாங்கன்னு ஒரு நிமிசம் நிம்மதியாவும் இருந்துச்சு. அதத்தான் பாடுனேன்."

நான் குச்சிகளைப் பைக்குள் வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். அம்மா அவன் தலையில் கை வைத்தார்.

"ஒப்பிட்டது நாந்தானப்பா."

அவன் அழுதான். அவர் கையை எடுக்கவேயில்லை.

மூன்று வருடமாக அவன் குரலைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். மேடையில் கத்தச் சொன்னால் நானும் கத்திவிடுவேன். தரையில் உட்கார்ந்து அவ்வளவு மெதுவாகச் சொல்ல என்னால் முடியாது. என் அம்மா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார். அவரிடம் சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது.