முந்திரிக்கொட்டை எழுதிய நிரல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். ஃபோனை நீ எடுப்பதில்லை, மெயிலைப் பார்ப்பதில்லை. தபால்காரர் கொண்டுவந்து போடுவதையாவது பிரிப்பாய் என்ற நம்பிக்கையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள், பழக்கம் விட்டுப்போய்விட்டது.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதல் காரியமாக, கூடத்துச் சுவரில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று குறை சொன்னார். அடித்தவர் உன் அத்தான். மாமனாரும் மருமகனும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் ஃபோன் பழுது என்று நீ சொன்னதை அம்மா நம்புகிறாள், அல்லது நம்புகிற மாதிரி நடிக்கிறாள். ஃபோன் பழுதென்று ஃபோனிலேயே சொன்ன ஒரே ஆள் நீதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் பேருந்து பிரேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்று தயாராகிறது. அதற்குள் ஓடும் மென்பொருள் பாதுகாப்பானதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். கையெழுத்துப் போடுகிறவர் முதல் பிரேக் சோதனையின்போது பேருந்தின் முன்சீட்டில் உட்கார வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை, எங்கள் பிரிவில் அப்படி ஒரு வழக்கம். அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு வரியையும் ஒழுங்காகப் படிக்கிறோம். யார் எழுதியது, யார் சோதித்தது என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்போம். விலை கொடுத்து வாங்கியதானாலும் சரி, பொதுவில் இலவசமாகக் கிடைப்பதானாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

போன மாதக் கூட்டத்தில் 'முழிப்பு' என்ற சின்ன நிரலின் முறை வந்தது. இயந்திரத்தின் மற்ற பகுதிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்து, ஒன்று பேச்சை நிறுத்தினாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிற நிரல். எழுதியவர்: முந்திரிக்கொட்டை. எதைக் கேட்டாலும் கடைசியில் "ஆகட்டும்" என்று சொல்லி 'ஆகட்டும் சார்' என்றே பெயர் வாங்கிவிட்ட எங்கள் மேலாளர், கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "யாரும்மா இந்த முந்திரிக்கொட்டை? எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "என் தம்பி சார். அந்தப் பேரை வச்சதே நான்தான்" என்றேன். அறையே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி எழுதியதை அக்கா சோதிக்கக் கூடாது என்று அதை உடனே பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

யார் சோதித்தது என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. பெட்டிக்குள் வைக்கிற கருவியை எங்களுக்கு விற்றவர்கள் சோதித்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். சர்க்யூட் போர்டு செய்தவர்கள் சோதித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உலகத்தில் இத்தனை பேர் பயன்படுத்துகிறார்களே, கோளாறு இருந்தால் இதற்குள் தெரிந்திருக்காதா என்று போர்டுக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். நிரலை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிற உன் இணையப் பக்கத்தில் நீ முதல் வரியிலேயே, இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பயன்படுத்துகிறவர்களே சோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருந்தாய். அதை ஒருவரும் படிக்கவில்லை. ஊரே பார்த்திருக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்து மேசைக்காரி ஒரு வாரம் அதைப் பிடித்து உலுக்கினாள். கோளாறு இருக்கிறது. இயந்திரத்தை மாதக்கணக்கில் அணைக்காமல் விட்டால் உன் நிரல் எண்ணுகிற நேரம் அதன் எல்லையைத் தொட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அதன்பிறகு, பேச்சு நின்றுபோன பகுதியையும் இப்போதுதான் பேசியது என்று எடுத்துக்கொள்கிறது. உன்னிடம் சொல்லலாம் என்று உன் பக்கத்தைத் திறந்தேன். இனி யாரும் எதுவும் எழுத முடியாதபடி கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாய். கடைசியாக அங்கே மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். உன் மென்பொருள் என் மனைவியின் இரண்டு விரலைத் தின்றுவிட்டது என்று.

மூன்று மாதமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாய், அப்படித்தானே?

அதை எழுதிய கணவருக்கு மெயில் போட்டு, முகவரி வாங்கிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அத்தானும் கூட வந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு, வாசலில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே அட்டை வெட்டும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் கத்தி நிற்க வேண்டும். மூடி திறந்ததைச் சொல்லும் கருவி உறைந்துபோயிருக்கிறது, அதற்குள்ளும் ஓடிய உன் முழிப்பு அதைக் கவனிக்கவில்லை. ஆண்டுக் கணக்கில் அணைக்காத இயந்திரமாம்.

நான் யாரென்று சொன்னதும் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா உட்காரச் சொன்னார். "அவருக்குக் கோவம். ஒரு பதில்கூட வரலையேன்னு. எனக்குப் போனது போச்சுங்க. என் தங்கச்சி இன்னும் அதே மாதிரி மெஷின்லதான் நிக்கிறா. அதை யாராச்சும் சரி பண்ணுவாங்களா?" என்று கேட்டார். கத்தவில்லை, அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் தொழிற்சாலைக்குப் பேசினேன். வாரம் ஒருமுறை இயந்திரத்தை முழுவதும் அணைத்துப் போடச் சொல்லி, தலையாட்ட வைத்திருக்கிறேன். ஆனால் அது ஒட்டுப் போட்ட டயர்தான், எந்த வாரம் மறப்பார்களோ. இயந்திரம் செய்தவர்களோ, எழுதியவர் ஒப்புக்கொண்டு வெளியிட்ட பதிப்பைத்தான் ஏற்றுவோம், வந்தால் அன்றே ஏற்றிவிடுகிறோம் என்கிறார்கள்.

ஆகட்டும் சார் முதலில், "நம்ம காப்பியில மட்டும் திருத்திக்கிட்டுப் போயிடலாம்மா, ஊருக்கெல்லாம் நாம எதுக்கு?" என்றார். ஊரிலிருந்து எடுத்ததுதானே சார், கோளாறு தெரிந்தபிறகு ஊருக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் நான் அந்த முன்சீட்டில் எப்படி உட்காருவேன் என்று கேட்டேன். திருத்தம் பொதுவில் வரும்வரை கையெழுத்தும் இல்லை என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மறுநாள் "ஆகட்டும்" என்றார். பக்கத்து மேசைக்காரி எழுதிய திருத்தத்தை உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம். பிரிக்காமல் கிடக்கிறது.

உனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. தப்பு உன் நிரலில்தான் இருக்கிறது. ஆனால் சோதிக்காமல் அதை ஓர் ஆளின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நீ இல்லை. உன் பங்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுத்துக்கொள், மீதியை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். கதவைச் சாத்திக்கொண்டால் உன் பங்குகூடத் தீராது.

அந்தத் திருத்தத்தைப் பார். பிழை இருந்தால் திட்டி எழுது, பக்கத்து மேசைக்காரிக்கு வாங்கிப் பழக்கம் உண்டு. சரியாக இருந்தால் ஒப்புக்கொண்டு வெளியிடு. அந்த வீட்டுக்கும் இரண்டு வரி எழுது, முகவரியைத் தாளின் பின்பக்கம் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். விரல் போன கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "உங்க தம்பி நல்லா இருக்காரா? சின்ன வயசுதானே?" என்று கேட்டார். நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதேடா.

என்றும் உன்,
அக்கா