மாட்டுக்கு ஊசி, பிள்ளைகளுக்குப் பால்

மாட்டுக்காரர்களைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போன என் பாசமுள்ள அக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் மாடுகள் இருந்தால் அவற்றுக்கு யோகம். மாட்டுக்காரர்களும் இருந்தால் உங்களுக்கு அங்கேயும் நிம்மதி இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் நீங்கள் இருந்த கதிரைக்குப் புது மிருக வைத்தியர் வந்துவிட்டார். நல்ல பிள்ளை, ஆனால் மெல்லப் பேசுகிறார். மெல்லச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு எப்போது விளங்கியிருக்கிறது?

ஒரு ஊர்ப் புதினம் சொல்கிறேன். லிங்கநகரில் நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு ஒரு கொடைவள்ளல் கிடைத்தார். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். மாட்டுக்கு மடி வீங்கினால் உங்களைக் கூப்பிடாமல் எங்கேயோ மருந்து வாங்கித் தானே ஊசி குத்துவாரே, அவர்தான். மாடு ஒரு வாய் புல்லுத் தின்றதும் சுகம் வந்துவிட்டது என்று ஊசியை நிறுத்துவார். மிச்ச மருந்துப் போத்தல் கொட்டில் கூரையில் வெயில் குடித்துக்கொண்டு அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். அளவு அவருடைய கைவாக்கு.

அந்த நாட்களில் நீங்கள் வீட்டுக்கு வந்து போடுகிற சத்தத்தில் குசினிச் சட்டிகள் நடுங்கும். "அரைகுறையா மருந்து குடுத்தா மாட்டுக்குச் சுகம் வராது, கிருமிக்குத்தான் பயிற்சி" என்பீர்கள்.

அவர் எங்களுக்குப் பால் அனுப்பத் தொடங்கினார். சில நாட்கள் தொடர்ந்து வரும். பிறகு நின்றுவிடும். பிறகு திடீரென்று தர்ம சிந்தனை பொங்கிப் பால்கேனும் படம் பிடிக்கிறவருமாக வந்து இறங்குவார். தர்ம சிந்தனைக்கு ஏன் இப்படி விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.

அவருடைய பேரனும் என்னிடம்தான் படிக்கிறான். பால் வருகிற நாட்களில் அவன் மட்டும் வீட்டிலிருந்து தனிப் போத்தல் கொண்டுவருவான். ஒருநாள் வாசல் படலையில் வைத்து அவனுடைய தாயிடம் காரணம் கேட்டேன். அந்தப் பெண் ஒளிக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை.

"மாட்டுக்கு ஊசி போட்டுக்கிடக்கு ரீச்சர். அந்தப் பாலைப் பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதாம். இஞ்ச சும்மா குடுக்கிறதுதானே, அதால பிரச்சினை இல்லை."

சும்மா கொடுத்தால் பாலில் இறங்கின மருந்து வெளியே போய்விடுமாக்கும். கடைசி ஊசிக்குப் பிறகும் சொன்ன நாள் முடியும்வரை கறந்து நிலத்தில் ஊற்றச் சொல்லி நீங்கள் கத்தியது அவர் காதில் விழாமல் இல்லை. நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, பேரன் அளவுக்கு. ஊற்றத்தான் மனம் வரவில்லை. முதலில் கிண்ணியாவில் தயிர் போடுகிறவருக்கு அந்தப் பாலை விற்றுப் பார்த்தாராம். மருந்து இறங்கின பாலில் தயிர் உறையுமா? உறையவில்லை. அந்த மனிதர் தண்ணீராய்க் கிடந்த சட்டிகளைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து இவர் வாசலில் அடுக்கிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகுதான் ஏழைப் பிள்ளைகளின் நினைவு வந்தது.

மடி வீக்கத்துக்கு அவர் குத்துகிறது பெனிசிலின் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். என்னிடம் படிக்கிற தர்ஷினிக்கு அது ஒத்துக்கொள்ளாது, அக்கா. ஒரு ஊசிக்கே முகம் வீங்கி மூச்சு முட்டிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்து தப்பின பிள்ளை. நான் நிர்வாகக் குழுவிடம் போய் எல்லாம் சொன்னேன். பாலைக் காய்ச்சித்தானே கொடுக்கிறோம் என்றார் தலைவர். காய்ச்சினாலும் மருந்து போகாது என்றேன். நீங்கள் என்ன டொக்டரோ என்று கேட்டார். அதோடு நிற்காமல், கலைவிழாவில் கொடைவள்ளலுக்குப் பொன்னாடை போர்த்துவதென்றும் முடிவெடுத்தார்கள்.

கலைவிழாவுக்கும் பால் வந்தது. நான் ஒரு பிள்ளைக்கும் வார்க்கவில்லை. பொன்னாடை போர்த்தி முடிந்ததும் ஒரே ஒரு கோப்பையில் வார்த்து எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன். "ஐயாவின்ர பாலை முதல்ல ஐயாவின்ர பேரனுக்கே குடுப்பம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். முன் வரிசையிலிருந்த பேரனின் தாய் பாய்ந்து வந்து மகனைத் தூக்கிக்கொண்டாள்.

"அவனுக்கு வேண்டாம் ரீச்சர், வேண்டாம்."

கைதட்டல் நின்றுவிட்டது. பின்னால் நின்ற தர்ஷினியின் தாய், "அப்ப எங்கட பிள்ளையளுக்கு?" என்று மட்டும் கேட்டாள். பொன்னாடைக்குள் கிடந்து அவர் வியர்த்தார். பாவம் என்று எனக்கு ஒரு துளியும் தோன்றவில்லை.

இப்போது அவருக்கு மனம் நொந்துபோயிற்றாம். மாட்டுக்கு மடி நொந்தபோது வராத அவசரம், இவர் மனம் நொந்ததும் குழுவுக்கு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் வேலை இல்லையாம். என் நன்றிகெட்ட குணத்தை எனக்குக் காட்டத் தலைவரே வீடு தேடி வந்தார்.

"உங்கட அக்காவின்ர செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்கக் குடிச்சது அவர் தந்த பால்தேத்தண்ணி. மறந்திட்டீங்களோ?"

மறக்கவில்லை, அக்கா. கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். அவர் பால்கேனோடு வந்தார். நான் அழுதபடி இரண்டு கையும் கூப்பி அவருக்கு நன்றி சொன்னேன். உங்கள் காலடியில் இருந்துதான் எல்லாரும் குடித்தார்கள். அது எந்த மாட்டின் பால்?

மன்னிப்புக் கேட்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். யார் பால் கொண்டுவந்தாலும் முன்பள்ளிப் படலையில் நின்று, மாட்டுக்கு எப்போது ஊசி போட்டீர்கள் என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்பேன். உங்களைப் போலக் கத்த எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வரும்வரைக்கும் கத்துவேன், இது சத்தியம்.

உங்கள் சத்தத்துக்குக் காது பொத்தின,
உங்கள் ஒரே தங்கச்சி