அஞ்சப்பன் வீட்டு வயர்லெஸ்

2008 பிப்ரவரி 4, திங்கள்

காலையில் பனி. ஸ்கூட்டி கிளம்ப மறுத்து, உதைத்து உதைத்துக் கால் வலி. முதல் பீரியட் லேட்.

மதியம் கிளிஞ்சல்மேடு. சுனாமிக் குடியிருப்பில் அஞ்சப்பன் ஐயா வீட்டில் நான் செய்த வயர்லெஸ் பெட்டியை மாட்டியாயிற்று. கடலில் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை வீட்டிலிருந்தே கேட்கலாம். திருப்பிப் பேச முடியாது. மொட்டை மாடியில் ஏரியல். கரைக்குக் கிட்டத்தில் வந்துவிட்ட படகுகள் தெளிவு. மற்றதெல்லாம் கரகர.

தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு ஏதாவது செய்து கொடுங்கள் என்று ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பாலிடெக்னிக்கைக் கேட்டிருந்தது. ஆளுக்கொரு டிவி போதும் என்றார் எச்.ஓ.டி. நான் பெரிய மேதாவி, டிவி வேண்டாம், இந்தப் பெட்டி செய்யலாம் என்றேன்.

ஐயாவுக்கு எழுபதுக்கு மேல். மனைவியை அலை கொண்டுபோய்விட்டது. ஒரே மகன் குமார், கல்யாணம் ஆகவில்லை. விசைப்படகில் போனால் நாலஞ்சு நாள் கடல், ஒரு ராத்திரி வீடு. பழைய வீட்டில் கதவைத் திறந்தால் கடலாம். இங்கே திறந்தால் எதிர் வீட்டு பாத்ரூம் சுவர்.

சுவிட்சைப் போட்டதும் யாரோ யாரையோ திட்டும் குரல். ஐயாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "இது நம்ம குமார் போற படகோட டிரைவரு டீச்சர். வாயத் தொறந்தா இப்படித்தான்."

தயிர் வாங்க மறந்தேன். ராத்திரி ஊறுகாய் சோறு.

பிப்ரவரி 6, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கிளாஸ். பின் பெஞ்சில் "மிஸ்ஸு திருநீறு வச்சிருக்காங்கடா" என்று கிசுகிசு. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஐயா வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு செல்வி வாசலில். அவள் புருஷன் படகு எங்கே வருகிறது என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ கலெக்டர் மாதிரி. "சாயங்காலத்துக்குள்ள வந்துருவான், உலையப் போடு." செல்வி முகத்தில் நிம்மதி. எனக்கும் உள்ளுக்குள் ஒரே பெருமை. மறைப்பானேன்.

பிப்ரவரி 13, புதன்

வெயில் ஆரம்பம். மத்தியானம் கரண்ட் இல்லை.

ஐயா வீட்டில் இப்போது எந்நேரமும் ஆள். இன்று நாலைந்து பேர், பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வடை வாங்கி வந்திருந்தார், ஒருவர் வெற்றிலை. ஐயா பழைய புயல் கதை சொல்ல, எல்லோரும் உச் கொட்டினார்கள். நடுவில் பெட்டி பேசினால் உடனே அமைதி. ஐயா அதைக் கேட்டு விளக்கம் சொல்வார்: யார் படகு, என்ன மீன், எவ்வளவு.

"யாருங்கய்யா இவங்கெல்லாம்?"

"தெரிஞ்சவங்கதான். என்னப் பாக்க வந்துருக்காங்க."

எச்.ஓ.டி.க்காக போட்டோ எடுத்தேன். வடையோடு. ரிப்போர்ட்டில் எழுதியது: 'முதியவரைப் பார்க்க தினமும் ஆட்கள் வருகிறார்கள்.' பாவி, யார் வருகிறார்கள் என்று ஒரு வரி விசாரித்திருக்கலாம்.

(கடைசி வரி பிற்பாடு சேர்த்தது. 22 ராத்திரி.)

பிப்ரவரி 22, வெள்ளி

பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது செல்வி போன். "டீச்சர், ஒடனே வாங்க. ஐயா வீட்டுல ஒரே சத்தம். படகுக்காரங்க பொட்டிய ஒடைக்கணும்னு நிக்கிறாங்க."

வடை வாங்கி வந்தவர்கள் மீன் வியாபாரிகள்.

எனக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், இதே ஊரில்தானே பிறந்தேன். எவ்வளவு மீன் பட்டது, அதாவது என்ன பாடு என்று படகுக்காரர்கள் கடலில் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். கரைக்குச் சொல்வதில்லை. ஏலம் ஆரம்பிக்கும்வரை கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் விலை விழுந்துவிடும். நேற்று எல்லாப் படகிலும் நல்ல பாடு, பெட்டி பெட்டியாகச் சங்கரா மீன். வியாபாரிகள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பேசி வைத்த மாதிரி ஏலம் கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். ஐஸும் இல்லை, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

ஐயா மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சமாதானம் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. கிளிஞ்சல்மேட்டில் பஞ்சாயத்து, ஊர்க் கோயில் முன்னால். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தீர்ப்பு: பெட்டியைக் கழற்ற வேண்டும், ஐயா சார்பில் குமார் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். குமார் மணலில் விழுந்து கும்பிட்டான்.

தப்பு என்னுடையது என்றேன். "நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்" என்றார் ஒரு பெரியவர். மரியாதையாகத்தான் சொன்னார். செருப்பால் அடித்திருக்கலாம்.

ஐயா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "என்னப் பாக்கத்தானப்பா வந்தாங்க?"

பிப்ரவரி 25, திங்கள்

அரை நாள் லீவு. பெட்டியைக் கழற்றினேன். ஏரியலை இறக்கக் குமார் மாடிக்கு வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"வெல கொறஞ்சதுக்கு நான் வருத்தப்படல டீச்சர். அது அடுத்த மீன் பாட்டுல சரியாயிடும்."

ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "முன்னாடி நான் வந்து சோத்துல கைய வச்சா போதும், பக்கத்துல ஒக்காந்துக்குவாரு. என்ன பாடு, என்ன காத்து, யாரு வலை கிழிஞ்சிச்சு, ஒண்ணு விடாம கேப்பாரு. நான் சொல்லி முடிக்க பத்து மணியாவும். அம்மா போனப்புறம் எங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இந்தப் பொட்டி வந்ததுலேருந்து எதுவும் கேக்கறதில்ல. நான் ஆரம்பிச்சா, தெரியும்டா தெரியும்டாங்குறாரு."

எனக்கு ரிப்போர்ட் போடத் தெரிந்தது, போட்டோ எடுக்கத் தெரிந்தது. மகன் வீட்டிலிருக்கிற ராத்திரி என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை.

"இனிமே கேப்பார்ல" என்றேன்.

"கேப்பாரு. நான் எப்படிச் சொல்றது? இனி வீட்டுல எது சொன்னாலும் வெளியில போயிடும்னு படகுல எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

மார்ச் 1, சனி

நல்ல வெயில். ஸ்கூட்டிக்குப் புது பிளக். ஐயா படகுத்துறைக்குப் போக வேண்டும் என்றார். பின்னால் உட்கார வைத்து அரசலாற்றுப் பக்கம் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

குமாரின் படகு துறையில் வந்து அணைந்தது. ஐயா தள்ளாடித் தள்ளாடிக் கிட்டே போனார். "என்னடா பாடு?"

குமார் மீன் பெட்டிகள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினான். "வெயில்ல நிக்காதீங்கப்பா. வீட்டுக்குப் போங்க." மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கிளம்பும்போது குமார் என்னிடம் வந்து தணிந்த குரலில், "இனிமே கரைக்கு வந்தாலும் படகுலயே படுத்துக்குறேன் டீச்சர். மூஞ்சப் பாத்துட்டு சொல்லாம இருக்க முடியாது. நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க."

ஸ்கூட்டியில் ஐயா பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். "அங்க நாலு பேரு நிக்கிறானுவோல்ல, அதான் வாயத் தொறக்கல. ராத்திரி வருவான் பாருங்க. மொச்சக் கொட்ட போட்டு கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லி செல்விகிட்ட குடுத்துருக்கேன். சாப்புட்டுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிடுவான்."

"ஆமாங்கய்யா" என்றேன்.