நான்காம் எண் காரை ஓட்டியது யார்

மார்ச் 4, 1986, செவ்வாய்

பனி உருகி முற்றமெல்லாம் சேறு. கார்லா தன் கராஜுக்குக் கொண்டுபோக, டிரக்கில் சங்கிலி கட்டி என் அப்பாவின் பந்தயக் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தாள். அப்பா போய் முப்பத்தைந்து வருஷம். அத்தனை வருஷத்துக் கோழி எச்சமும் அதன் மேல்தான். டயர் என்று சொல்ல ஒன்றுமில்லை. இஞ்சின் இறுகிப்போயிருக்கிறது.

"ஓடும் பாட்டி. ஜூலைக்குள்ள ஓட வெச்சிடறேன்" என்றாள்.

ஓட வைப்பாள். ஆண்டர்சன் ஊரில் அவள் வேலை பார்க்கும் பட்டறையில் ஆண்கள் கைவிட்ட கடைசல் வேலை எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வருமாம். அவளா சொன்னாள்? அவள் முதலாளியே என்னிடம் சொன்னார். என் பேத்தி.

கோடைப் பொருட்காட்சி முடிந்ததும் காரை ஊர் மியூசியத்துக்குக் கொடுக்கிறோம். பித்தளைத் தகட்டில் ஓட்டியவர் பெயர் போடுவார்கள். ஹார்லன் ப்ரூட் என்று எழுதச் சொன்னேன். மியூசியம்காரர் கெஸ்லர், "ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்?" என்கிறார். நான் அவர் மகள். வேறென்ன ஆதாரம்?

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து பொதுச் சாப்பாடு. கார் விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. லியோனா டன் என் தட்டுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். இடமா இல்லை வேறு?

"தகட்டுல யார் பேரு போடப் போறாங்க, வெல்மா?"

"ஓட்டினவர் பேரு."

"அப்ப எங்கப்பா பேரு. உங்கப்பா எண்ணெய் அடிச்சாரு. அவ்ளோதான்."

எல்லோரும் உருளைக்கிழங்கைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பந்தயக் காரில் இரண்டு பேர். வலப்பக்கம் ஓட்டுகிறவர். இடப்பக்கம் இருப்பவர் இஞ்சினுக்குக் கையால் எண்ணெய் அடிக்க வேண்டும், டயரைப் பார்க்க வேண்டும், பின்னால் யார் வருகிறார் என்று சொல்ல வேண்டும். 1913இல் நம் மைதானத்து நூறு மைல் பந்தயத்தில் இந்தக் கார் முதலில் வந்தது. என் அப்பாவும் அவள் அப்பா ஈரா டன்னும் அதில் இருந்தார்கள். இதில் சண்டையே இல்லை. யார் வலப்பக்கம் என்பதுதான். ஐம்பத்தேழு வருஷமாக அவளும் நானும் இதற்காகத்தான் ஒரு பெஞ்சில் உட்காருவதில்லை.

மார்ச் 22, சனி

கார்லா பெயிண்ட்டை மருந்து போட்டுக் கரைக்கவில்லை. சின்ன பிளேடு வைத்துச் சுரண்டுகிறாள், வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு தோலாக. மேலே கறுப்பு, கீழே பச்சை, அதன் கீழே சிவப்பு. சிவப்பில் வெள்ளையாக 4 தெரிந்தது. கார்லா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சிகரெட் பற்ற வைத்தாள். நான் திட்டவில்லை.

காரின் இரும்புச் சட்டத்தில் குத்தியிருந்த நம்பரைக் கடிதத்தில் எழுதிப் போட்டிருந்தாள். பழைய ஃபேக்டரி ஏடுகளை வைத்திருக்கும் நூலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இது பந்தயத்துக்காகச் செய்த காரே இல்லையாம். மன்சி ஊரில் ஒரு பல் டாக்டர் வாங்கிய குடும்பக் கார். பள்ளத்தில் கவிழ்ந்து உடைந்ததை அப்பா வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி வீசிவிட்டு, தானே பந்தயக் காராக்கியிருக்கிறார்.

"பல் டாக்டர் கார் பாட்டி!" கார்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஃபேக்டரியே அப்பாவுக்குக் கொடுத்த கார் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்பா அப்படிச் சொன்னாரா? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை. போகட்டும். உடைந்ததை எடுத்து ஜெயிக்க வைத்தார் என்றால் அது இன்னும் பெருமைதான்.

ஏப்ரல் 3, வியாழன்

மழை. பீன்ஸும் சோள ரொட்டியும். கார்லா வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

கார்லா பெடல்களைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். க்ளட்சிலும் பிரேக்கிலும் நாலு நாலு ஓட்டை. ஃபேக்டரி போட்டதில்லை, பிறகு கையால் துளைத்தது. ஏதோ ஒன்றை முடுக்கியிருக்கிறார்கள். வலப்பக்கத்து சீட்டும் முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி முடுக்கியிருக்கிறது.

"கொள்ளுத்தாத்தா எவ்ளோ உயரம் பாட்டி?"

"ஆறடி மூணு அங்குலம். சமையல்கட்டுக்குள்ள குனிஞ்சுதான் வருவாரு."

"அப்ப முட்டி ஸ்டீரிங்ல இடிக்குமே."

"அந்தக் காலத்து ஆளுங்க மடங்கி உக்காருவாங்க" என்றேன்.

அவள் ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளியை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினாள்.

ஈரா டன் ஐந்தடிகூட இருக்க மாட்டார். தானிய மண்டியில் தராசுக்குப் பின்னால் நின்றால் தொப்பி மட்டும்தான் தெரியும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. என் தையல் மெஷினின் பின்கால் இரண்டுக்கும் அடியில் மேப்பிள் மரக்கட்டை இரண்டு இருக்கிறது, தரை சரிவு என்பதால். அப்பா இறந்த வருஷம் அவர் கருவிப் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை.

வேறு எதற்காவது செய்த கட்டையாக இருக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. முட்டி வலி என்று சொன்னேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றும் போகவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

நான் அஞ்சாவது படித்தபோது டீச்சர் வீட்டில் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். 'என் அப்பா நான்காம் எண் காரை ஓட்டி நூறு மைல் பந்தயத்தில் வென்றார்' என்று ஆரம்பித்தேன். எழுந்து நின்று வாசித்தேன். எல்லா வகுப்புக்கும் ஒரே அறைதான். ஆறாவது வரிசையிலிருந்து லியோனா, "பொய்" என்றாள். டீச்சர் அவளை மூலையில் நிற்க வைத்தார். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை நின்றாள்.

அந்த வசந்தத்தில் அம்மா படுத்துவிட்டாள், நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னை யாராவது பாராட்டினார்கள் என்றால் அந்த ஒரு கட்டுரைக்குத்தான்.

அப்பாவிடம் அதைக் காட்டினேன். படித்தார். "கையெழுத்து நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பந்தயத்தைப் பற்றி எப்போது பேசினாலும் 'நாங்க ஜெயிச்சோம்' என்றுதான் சொல்லுவார். நாங்க, நாங்க. நான் ஓட்டினேன்னு ஒருதடவகூட சொல்லலியே. நானாத்தானே சொன்னேன். அன்னிக்கே திருத்தியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்பா? பதினோரு வயசுப் பொண்ணு, ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்ல?

பந்தயத்தைப் பற்றி வந்த பழைய செய்தித்தாளை இன்று எடுத்துப் பார்த்தேன். 'ப்ரூட்டின் கார் முதலிடம்' என்று போட்டிருக்கிறது. கார் என்றுதான் போட்டிருக்கிறது.

மே 2, வெள்ளி

கெஸ்லர் ஃபோன் செய்தார். வேறு ஆதாரம் கிடைக்காததால் குடும்பம் சொல்வதையே போட்டுவிடுகிறாராம். ஹார்லன் ப்ரூட். திங்கட்கிழமை தகடு வெட்டக் கொடுக்கிறார். "சந்தோஷம்தானே மேடம்?" என்றார். சந்தோஷம் என்றேன்.

சாயந்திரம் கார்லா வந்தாள். இஞ்சின் சுற்றுகிறது. பெடல் மட்டும் பாக்கி.

"திங்கட்கிழமை அந்த ஓட்டையெல்லாம் வெல்டு வெச்சு மூடிடப்போறேன். மூட மனசே இல்ல பாட்டி. அது என்னன்னு தெரியாம மூடறது வாயப் பொத்தற மாதிரி இருக்கு."

"மூடு. யாரு பாக்கப் போறா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை அப்படியே அப்பாவின் பார்வை.

மே 4, ஞாயிறு

காலையில் காருக்கு வைக்கும் ஜாக்கியைத் தையல் மெஷினுக்கு வைத்துத் தூக்கினேன், நான் தனியாகவே. கட்டை இரண்டையும் உருவி, துணி சுற்றி, கார்லாவின் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

அவள் வாங்கி பெடலில் வைத்தாள். எட்டு ஓட்டையும் பொருந்தியது. பெடலுக்குக் கால் எட்டாத ஆளுக்காகப் போட்ட கட்டை. கட்டையின் ஓரத்தில் எண்ணெய் அழுக்கைத் துடைத்தால் சிவப்பு. நான்காம் எண்ணின் அதே சிவப்பு. காருக்கு அந்தப் பெயிண்ட் அடித்தபோது கட்டை பெடலிலேயே இருந்திருக்கிறது.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மூணு வாரமா."

அவள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கெஸ்லருக்கு நீங்க ஃபோன் பண்றீங்களா, நான் பண்ணட்டா?"

"நான்தான் பண்ணணும்."

மே 5, திங்கள்

எட்டு மணிக்கே ஃபோன் செய்துவிட்டேன். ஈரா டன் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன், இரண்டு முறை.

பிறகு சர்க்கரை க்ரீம் பை பலகாரம் ஒன்று சுட்டு லியோனா வீட்டுக்குப் போனேன். அந்தப் படியில் நான் ஏறியதே இல்லை. கதவைத் திறந்தாள். பலகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு செத்தா?"

"யாரும் இல்ல. உங்கப்பாதான் ஓட்டினாரு. தகட்டுல அவர் பேரு வருது."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூலையில நின்ன காலு எனக்கு இன்னும் வலிக்குது தெரியுமா" என்றாள்.

"தெரியும்."

"ஒண்ணும் தெரியாது உனக்கு. உள்ள வா. பலகாரம் ஆறுது."

ஒரு துண்டு சாப்பிட்டு, மாவு கனம் என்றாள். இரண்டாவது துண்டும் வெட்டிக்கொண்டாள்.

ஜூலை 19, சனி

பொருட்காட்சி. வெயில். கார்லா கைப்பிடியைச் சுழற்ற, மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. அவள் எண்ணெய்க் கையோடே முகத்தைத் துடைத்து மீசை வரைந்துகொண்டாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, நானும்தான்.

தகட்டில் 'ஓட்டியவர் ஈரா டன். உடன் சென்ற மெக்கானிக், காரை உருவாக்கியவர் ஹார்லன் ப்ரூட்' என்று இருக்கிறது. இரண்டு பெயருக்கும் ஒரே அளவு எழுத்து. அளந்து பார்த்தேன்.

பெடலில் கட்டை இருப்பதால் கார்லாவால் கால் மடக்கி உட்கார முடியவில்லை. லியோனா அவள் அப்பா உயரம்தான். நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவள், ஏறி உட்கார்ந்தாள். கால் சரியாக எட்டியது. இடப்பக்கம் காலியாக இருந்தது. எண்ணெய் அடிக்க ஆள் இல்லாவிட்டால் இஞ்சின் போய்விடும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பம்ப்பின் மரப்பிடி ஒரு பெரிய கைக்குத் தேய்ந்திருக்கிறது. என் கை அதில் பாதிக்குத்தான் வந்தது.

"அடிடி வெல்மா. தூங்காத."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

ஒரு சுற்று போனோம். நடந்துபோன கார்லாவே எங்களை முந்தினாள்.

தையல் மெஷினுக்கு இப்போது இரண்டு செங்கல். ஒன்று கொஞ்சம் உயரம், தைக்கும்போது ஆடுகிறது.

பின்னால் யாராவது கேட்டால் தெரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். லியோனா ஓட்டினாள். நான் எண்ணெய் அடித்தேன்.