பின்கட்டு அறையில் மூன்று நாள்

ஆடி 21, செவ்வாய்

காற்று. வாயைத் திறந்தால் மண். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரியெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான். காலையிலேயே வீட்டுக்குத் தூரம் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டு அறைக்கு வந்தாயிற்று. தட்டு, தம்ளர், பாய், விசிறி, இவர் கருப்பட்டிக் கடைக்கு வந்த இந்த டைரி. கதவைச் சாத்தினேன். அப்பாடா.

பொய்தான். தூரமும் இல்லை, மண்ணும் இல்லை. தை மாதத்தோடு நின்றுபோனது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த அறை போய்விடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டா? காய்ச்சல் என்று படுத்தால்கூட ரசம் வைத்துவிட்டுப் படு என்பார்கள். இந்த மூன்று நாள் மட்டும் அடுப்பைத் தொடக்கூடாது, தண்ணீர் எடுக்கக்கூடாது, யாரும் என்னைத் தொடக்கூடாது. தீட்டு என்று ஒதுக்கிவைத்தார்கள். நான் லீவு என்று எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்பது வயதில் அதையும் விட்டுக்கொடுக்க நான் என்ன பைத்தியமா?

சூடு, காலையிலிருந்து இரண்டு முறை. கழுத்தில் தொடங்கி, காது, உச்சந்தலை. உள்ளே யாரோ அடுப்புப் பற்றவைத்த மாதிரி. ரவிக்கை நனைந்து, பிறகு குளிர். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டால் கொஞ்சம் தேவலை.

சித்திரையில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டாக்டரம்மா சின்ன வயது. "இது சீக்கு இல்லம்மா. உடம்பு மாறுது, அவ்வளவுதான்." சொன்னதில் மறக்கக்கூடாதவை: காலையில் கடற்கரை வரை நடை. எலும்புக்கு நெத்திலி, முள்ளோடு. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. காப்பி காலையில் மட்டும். நின்ற பிறகு மறுபடி ரத்தம் கண்டால் உடனே வரவேண்டும். நல்ல தூக்கம். நல்ல ரெஸ்ட்.

ரெஸ்ட்டாம். மற்ற எல்லாம் கடையில் கிடைக்கிறது. இது எந்தக் கடையில்?

கொழுந்தன் பெண்டாட்டி பாக்கியம் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்தாள். நெத்திலிக் குழம்பு. அவளுடைய மூன்று நாளில் அடுப்பு என் தலையில், என்னுடையதில் அவள் தலையில். எங்களுக்குள் தகராறு இல்லை.

ஆடி 22, புதன்

தூங்கினேன்! ஜன்னலைத் திறந்து போட்டு, கடல் காற்றில். பெரிய அறையில் இவர் ஜன்னலைத் திறக்க விடமாட்டார். கள்ளன் வருவானாம். எங்கள் ஜன்னலில் எதை எடுக்க வரப்போகிறான்?

பதினோரு மணிக்கு மதினி முற்றத்தில். இவருடைய அக்கா. புருஷன் போனபின் இங்கேதான், வீட்டுச் சாவி அவள் இடுப்பில். (இனி ம. விரல் கணு வலிக்கிறது.) கதவுக்கு வெளியே நின்று ஊருக்கே கேட்கும்படி:

"ஏளா, உனக்கு இன்னுமா நிக்கல? எனக்கு நாப்பத்திமூணுலயே நின்னுட்டு."

நான் என்ன பண்ண என்றேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் மஞ்சள்காமாலையில் பிழைத்ததற்கு, இந்தத் தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில் இவர் காளி வேஷம் கட்டப் போகிறார். ஆவணியில் மாலை. மாலை போட்டால் தசரா வரை விரதச் சோறு. அதைத் தீட்டு இல்லாத கைதான் பொங்கவேண்டும். இத்தனை வருஷம் இந்த வீட்டில் யார் மாலை போட்டாலும் ம.தான் பொங்கினாள்.

"என் கால் முட்டு உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கு. உனக்கு நின்னுச்சுன்னா நீ பாத்துக்கிடுவ. சீக்கிரம் நிறுத்தித் தா தாயேன்னு அம்மைட்ட வேண்டிக்கிட்டிருக்கேன்."

எனக்கு நிற்கவேண்டும் என்று வேண்டுதலாம். எரிச்சலில் விசிறிக் காம்பை ஒடித்துவிட்டேன். சேலை கட்டிக் காளியாக ஆடப் போகிறவருக்கு, தினம் சேலை கட்டுகிறவளின் உடம்பு ஆகாது. ஆகும் என்று ஆனதும் அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். விரதம் தொடங்கினால் வீட்டில் மீனும் கிடையாது. போயிற்று என் நெத்திலியும்.

ஆடி 23, வியாழன்

துணி நனைத்தேன். சுத்தமான பழந்துணியை நனைத்துப் பிழிந்து, குளியலறைக்குப் பின்னால் கொடியில் போடுவது. ம. போகிறபோக்கில் அதை ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்காகத்தான் இந்தக் கூத்து. சுத்தமானதைத் துவைக்கிற மடச்சி ஊரிலேயே நான் ஒருத்திதான்.

நாளைக்குத் தலைமுழுகி அடுப்படிக்கு. உளுந்து ஊறப்போடச் சொல்லவேண்டும், களி கிண்ட. கருப்பட்டி கடையிலிருந்து வரவில்லை. கருப்பட்டி மண்டிக்காரர் வீடு!

ஆவணி 18, செவ்வாய்

திரும்ப வந்தாயிற்று. காற்று இறங்கிவிட்டது, புழுக்கம். இந்த மாதம் நடை விடவில்லை, சூடும் கொஞ்சம் குறைவு. அதை எழுதத்தான் டைரியை எடுத்தேன். இப்போது எழுதுவது வேறு. கோபத்தில்.

பத்து மணி இருக்கும். முருங்கை மரத்தடியில் இவரும் ம.வும். ஜன்னல் திறந்திருப்பது தெரியாது போல.

இவர்: "டாக்டரப் பாத்துக் கேட்டேன்க்கா. அம்பதை நெருங்கியும் மாசாமாசம் தவறாம வருதுன்னா உள்ள ஏதோ கோளாறாம். கர்ப்பப்பையை எடுத்துரலாம்னு சொல்லுதாரு."

ம.: "எடுத்துட்டா நல்லதுலே. தீட்டும் ஒழிஞ்சிரும். இந்த வருசம் நான் எப்படியோ பொங்கிருதேன். அடுத்த வருசத்துக்கு அவ ஆவா."

எந்த டாக்டர்? என்னைப் பார்த்தானா? என் முகம் கறுப்பா சிவப்பா என்று தெரியுமா? இவர் கடையிலிருந்து போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்ல, அவன் போகிறபோக்கில் என் வயிற்றைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறான். வெண்டைக்காய் வாங்கினால்கூட ஒடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்.

மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. பிறகு பசித்தது, தின்றேன்.

ஆவணி 19, புதன்

காலையில் கதவுக்கு வெளியே இவர். "திங்கக்கிழமை ஆபரேசன். ஒண்ணும் பயப்படாத."

எனக்கு எதற்கு ஆபரேஷன் என்றேன்.

"காமாலையில என்னைய ராப்பகலாப் பாத்தவ நீ. உனக்கு ஒண்ணு ஆயிரப்பிடாதுளா." நிஜமாகவே பயந்திருக்கிறார். அதுதான் இன்னும் ஆத்திரம். இவ்வளவு பயம் இருக்கிற மனுஷன், உனக்கு என்ன செய்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

இவர் சாப்பிடப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால் வயிறு கிழியும். இரண்டில் ஒன்றைக் கொடு என்கிறார்கள். இரண்டையும் ஏன் கொடுக்கவேண்டும்?

எழுந்தேன். முற்றத்தைத் தாண்டி நேரே அடுப்படிக்கு. இவர் பலகையில் உட்கார்ந்து இட்லி. ம. பக்கத்தில். பாக்கியம் சட்னிக் கிண்ணத்தோடு. போய் இவர் தோளைப் பிடித்தேன். துள்ளி எழுந்தார். இட்லி உருண்டது.

"ஏளா! தீட்டோட..."

"எனக்குத் தீட்டு இல்ல. தை மாசத்தோட நின்னுட்டு."

ம. வாயைப் பிளந்தாள். "அப்ப இவ்வளவு நாளும் அங்கன என்ன செஞ்ச?"

"படுத்து ஒறங்கினேன்."

பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ம. என்னைத் திட்டத் தொடங்கினாள். அம்மனுக்கே பொய்யா, குடும்பம் விளங்குமா, என் தம்பியைக் கோமாளி ஆக்கிட்டியே. எல்லாம் முடியும்வரை நின்றேன். அதற்குள் சூடு ஏறிவிட்டது, வியர்வை கண்ணில் வழிகிறது. துடைக்கவில்லை.

"ஆபரேசனும் கிடையாது. அந்த ரூமையும் விடமாட்டேன். மாசம் மூணு நாளு நான் அங்கனதான். தீட்டு இருந்தாலும் இல்லாட்டாலும்."

இவர் பாவம் போலக் கேட்கிறார்: "நின்னுட்டுன்னா, விரதச் சோறு நீ பொங்கலாமுல்லா?"

"விரதம் உங்களுக்குத்தான? நீங்களே பொங்குங்க. காளிக்குன்னு இன்னும் ஆறு கை வச்சுக் கட்டப் போறியள்ல. ஒண்ணு கரண்டி பிடிக்கட்டும்."

திரும்ப வந்து கதவைச் சாத்தினேன். இப்படி ஒரு பேச்சு என் வாயில் இருந்ததே எனக்குத் தெரியாது.

ஆவணி 20, வியாழன்

விடிகாலையில் இவர் கடலில் குளித்துவிட்டு வந்து மாலை போட்டாயிற்று. போகிறபோக்கில் ஜன்னல் பக்கம்: "திங்கக்கிழமை வரலன்னு டாக்டர்ட்ட ஆள் விட்டுட்டேன்." சரி என்றேன். நன்றி எல்லாம் சொல்லவில்லை. என் வயிறு.

பாக்கியம் எள்ளுருண்டை இரண்டு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அக்கா, அடுப்படியில அத்தான்தான் இருக்காவ. அரிசி களையத் தெரியல." சொல்லும்போதே சிரிப்பு. அங்கிருந்து தீய்ந்த வாடை.

இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மாதமாகத் தூக்கம் இல்லை, கணு ஏன் வீங்குகிறது, நடுவில் ஏன் அழுகிறாய். தீட்டு உண்டா இல்லையா, அது ஒன்றுதான் இவர்களுக்கு என் உடம்பில் தெரியவேண்டியது. நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. எழுதினால் ஆறும் என்று பார்த்தால், எழுத எழுத ஏறுகிறது.

மத்தியானம். கதவைத் தள்ளிக்கொண்டு ம. திட்ட வந்திருக்கிறாள் என்று நானும் தயாராக எழுந்து உட்கார்ந்தேன். திட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"நாப்பத்திமூணுல நின்னுச்சு. அன்னைலேர்ந்து ஒரு நாளு பகல்ல படுத்ததில்ல." மூக்கைச் சிந்தினாள். "எனக்கு ஏன்ளா இது தோணாமப் போச்சு?"

வந்த கோபம் வந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அப்படியே படுத்தாள், என் பாயில், காற்று வருகிற பக்கமாகப் பார்த்து. எனக்குச் சுவர் ஓரம். கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து இவர் குரல். "அக்கா! உப்பு எங்கன இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். ம. கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"பதில் சொல்லாதளா."