சுவரில் ஒரு நீலத் துணி

ஆர்ன்வெல், டர்ஹாம்
4 மார்ச் 2005

அன்புத் தங்கை நார்மாவுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை தவிர வேறெதுவும் எழுதாத அக்கா எழுதுகிறேன். யார் போய்விட்டார்களோ என்று பதறாதே, எல்லோரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம்.

நம் ஊரின் எண்ணூறு வருஷத் தேவாலயத்தில் நிலக்கரிச் சுரங்கக் கண்காட்சி வைக்கிறோம். விளக்குகள், தொழிற்சங்கக் கொடி எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில். வடக்குச் சுவர் நிறைய நாங்கள் செய்யும் துணிப்படம். சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொருவரின் உடுப்பிலிருந்தும் ஒரு கீற்று எடுத்து, விரித்துக் கட்டிய சாக்கில் செருகிப் படமாக்குகிறோம். உன் வீட்டுக்காரர் கிளிஃபோர்டின் துணி ஒன்று அனுப்பு.

உன் வின்னி

லெஸ்டர்
15 மார்ச்

அன்புள்ள அக்கா,

இருபது வருஷத்துக்கு முன் சுரங்க வேலைநிறுத்தம் முடியப்போகும் நேரத்தில், குழந்தை மூச்சுத் திணறிக் கிடந்தபோதுதான் இவர் வேலைக்குத் திரும்பினார். கதவில் கருங்காலி என்று எழுதினார்கள். உன் வீட்டுக்காரர் அலெக் அத்தான் எங்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார். ஊரைவிட்டே வந்தோம். இப்போது துணி கேட்கிறாய்.

"குப்பையில போட்டாலும் போடுவேன், அவங்க சுவத்துக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் இவர். பிறகு அவரே பரணில் ஏறி சுரங்கத்துக்குப் போட்டுப்போன நீலக் கோட்டை எடுத்து வந்தார். நான் ஒரு கீற்று வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன். பரிதாபத்துக்கு ஓரத்தில் செருகுவதென்றால் திருப்பி அனுப்பிவிடு.

நார்மா

ஆர்ன்வெல்
2 மே

நார்மாக் கண்ணே,

கூட்டத்தில், எங்களோடு துணி செருகும் ஹெஸ்டர் எழுந்து, "கருங்காலி துணி தொங்கினா நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றாள். "அப்போ நான் செருகினதை உருவிடறேன், உங்க படத்துல வானமே இருக்காது" என்றேன். எல்லோரும் சங்கத் தலைவராக இருந்த உன் அத்தானைப் பார்த்தார்கள்.

"அவனை நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன்" என்றார். "ஆனா என் பக்கத்துல மண்டி போட்டுக் கரி வெட்டினவன். இது கரி வெட்டினவங்க படம். வை."

வீட்டுக்கு வந்ததும், "என் துணிக்குப் பக்கத்துல மட்டும் வெச்சிடாதே" என்றார். வைக்கவில்லை. நீலம் நட்டநடுவில், ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் சக்கரத்தில் இருக்கிறது. உன் அத்தான் படத்தின் மூலையில் புகையாகிவிட்டார். எனக்கு இவரை நினைத்து ஒரே பெருமை, சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார்.

வின்னி

லெஸ்டர்
20 ஜூன்

அக்கா,

சொல்லாமல் வந்தோம், உன் வீட்டுக்கு வராமலே திரும்பினோம். கோபிக்காதே. இவர் சம்மதித்ததே பெரிய காரியம்.

தேவாலய வாசலில் அத்தான்தான் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊர் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல் ஒன்றை நீட்டினார். இவரும் வாங்கிக்கொண்டார்.

துணிப்படத்தின் முன் இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். அப்போது வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி, "இதெல்லாம் யாரோட துணிங்க?" என்று வாசலில் நின்ற அத்தானைக் கேட்டாள்.

அத்தான் இவர் பக்கம் திரும்பவில்லை. "எங்க சுரங்கத்து ஆளுங்களோடது. எல்லாரும் எங்க ஆளுங்கதான்" என்றார், தேவாலயம் முழுக்கக் கேட்கும்படி.

பஸ்ஸில் இவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"'எல்லாரும்'னான், கேட்டியா?"

கேட்டேன் என்றேன்.

உன் தங்கை
நார்மா