ஜெபமாலைக்கு முன்னால் இருந்த பெயர்

3 நவம்பர் 1969, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஐந்தாம் வகுப்புக் கூரை ஒழுகல், இரண்டு வாளி வைத்துப் பாடம் நடத்தினேன். மண்ணெண்ணெய் தீர்ந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது. மூன்று பக்கம், இங்கிலீஷ். எங்கள் லாஞ்சு 'ஜெபமாலை' ஆகஸ்டில் காட்டுப்பள்ளிக்கு நேரே சூறைக்காற்றில் முழுகியது வாஸ்தவம்தானாம். ஆனால் பாலிசி செல்லாதாம். முன்பே அடிபட்ட படகு என்பதை மறைத்து எடுத்தோமாம். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதி பார்த்தேன். மறைத்தல் தவிர வேறு அர்த்தம் இல்லை.

வீட்டுக்காரருக்குப் படித்துச் சொன்னேன். "நானா மறைச்சேன்?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். சொந்த லாஞ்சு ஓட்டியவர் இப்போது அடுத்தவன் லாஞ்சில் கூலி. இன்றைக்கு வெறும் வயிற்றோடு.

4, செவ்வாய்

மழை இல்லை. துணி காய்ந்தது.

நடந்ததை எனக்காகவே எழுதி வைக்கிறேன். போன வருஷம் ஏப்ரலில் எண்ணூர் முகத்துவாரத்தில் மணல்திட்டில் ஏறி, லாஞ்சின் அடிப்பலகை பிளந்தது. அப்போது அதற்கு வேறு பெயர். ஆசாரி பலகை மாற்றினார். பாதர் தீர்த்தம் தெளித்து 'ஜெபமாலை' என்று புதுப் பெயர் வைத்தார். அப்படி வைத்துவிட்டால் பழைய பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பழைய கெட்டது திரும்பி வரும். அந்தப் படகு செத்தது, இது வேறு படகு. எங்கள் கரையில் அதுதான் வழக்கம்.

மறு மாதம் ஏஜெண்டு ரத்தினம் ஃபாரத்தோடு வந்தார். லாஞ்சு எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். "ஜெபமாலையா? இல்லியே" என்றார் இவர். பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் அது பொய்யாகப் படவில்லை! பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக் கொடுக்கிறவள். வெட்கம்தான்.

ஆனால் ஏஜெண்டு? பெயர் வைத்த அன்று பந்தியில் இரண்டு தடவை பிரியாணி கேட்டு வாங்கியவர். கழற்றிப் போட்டிருந்த பிளந்த பலகையைத் தொட்டுப் பார்த்து "ஐயோ" என்றவர். அவரே 'இல்லை' என்று நிரப்பிக்கொண்டு போனார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாம், ஃபாரம் எழுதும்போதாவது நினைத்திருக்கலாம்.

6, வியாழன்

அவருடைய அண்ணன் வந்தார். யோசனையோடு.

"இது வேற லாஞ்சுன்னு சொல்டுடா. பழச ஒடச்சி வெறகுக்குப் போட்டாச்சுன்னு ஆசாரி எய்திக் குடுப்பான். நம்ம தோஸ்துதான்."

நான் சும்மா இருக்கவில்லை. "அப்படி எழுதி வாங்கினாத்தான் நாம நெசமாவே மறைச்சவங்க ஆவோம்" என்றேன்.

"உன் பொண்டாட்டி இஸ்கூல்ல பேசற மாதிரியே பேசிகினு கீது. பேஜாரு."

இவர் பீடியை அணைத்தார். "வேணாண்ணா. பொய்ய சொல்லி வாங்கற லாஞ்சில எவன் கடலுக்குப் போவான்?"

அண்ணன் டீ குடிக்காமல் போய்விட்டார். இவர் மேல் எனக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பெருமை.

7, வெள்ளி

அரை நாள் லீவு. பாரிமுனை, கம்பெனி ஆபீஸ், இரண்டாம் மாடி. செருப்பைக் கழற்றப் போனார், தடுத்தேன்.

மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். "படகைப் பற்றி உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்றதை நம்பித்தான் பாலிசி. கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமானதைச் சொல்லிடணும். நாணயம் இல்லைன்னா இந்தத் தொழிலே இல்லைம்மா."

நியாயம். அதுதான் எரிச்சல்.

"முன்னால என்ன பெயர்?" என்றார். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். இவர் எழுந்து நின்றார். சிலுவை போட்டுக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, "சந்தனமாதா" என்றார். "அடிபட்டது நெசம். இனிமே இன்னா ஆவணும் எனக்கு? லாஞ்சே போய்ட்ச்சு."

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு நான் கேட்டேன்: "நாணயம் எங்க பக்கம் மட்டும்தானா சார்? உங்க ஏஜெண்டுக்கு எல்லாம் தெரியும். பந்தியில பாதர் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். அவருக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரி இல்லையா?"

மேனேஜர் பேனாவை மூடினார். விசாரிக்கிறார்களாம்.

8, சனி

மறுபடி மழை. ஏஜெண்டு ரத்தினம் வாசலில், குடையை மடக்காமல்.

"டீச்சர், நான் சாப்ட்டதப் போய் ஏன் சொன்னீங்க? லைசென்ஸ் போய்டும். மூணு பொண்ணு எனக்கு."

"சாப்பிடலன்னு சொல்லுங்களேன்."

"அதெப்படி? பாதர் கேட்டா இன்னா சொல்றது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்குப் பாதரிடம் மட்டும் பயம். பாவமாகவும் இருந்தது. காபி கொடுத்தேன். சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

12, புதன்

பரீட்சைத் தாள் நாற்பது பாக்கி.

கம்பெனி ஆள் வந்தார். பாதி கொடுக்கிறார்களாம், கருணையாக. 'உண்மையை மறைத்தேன்' என்று டைப் அடித்த காகிதத்தில் இவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பாதி வந்தால் பழைய லாஞ்சாவது ஒன்று பார்க்கலாம், கூலிக்குப் போக வேண்டாம். எனக்கு ஆசை வந்தது. இந்த நோட்டில் எதற்குப் பொய்?

இவர் காகிதத்தைத் தொடவே இல்லை. "காயிதத்துக்குப் பின்னாடி எய்து பிலோமி" என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன். நல்ல தமிழில் திருத்தப் போனேன், விடவில்லை. "நான் பேசறாமேரியே எய்து. அப்பதான் நான்தான் சொன்னேன்னு தெரியும்." எழுதி முடித்து அந்த ஆளிடமே கொடுத்தனுப்பினோம்:

"எம் மேல தப்பு கீது, ஒத்துக்கறேன். மறைக்கல. எல்லாம் தெரிஞ்ச உங்காளு எய்தாம வுட்டான். மொதல்ல அவன இதுல கையெய்த்து போடச் சொல்லு. அப்பால நான் போடறேன்."